டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்குத் தேவையா?

செங்காங் தந்தை:
வணக்கம். இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 4இல் படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு, எழுத்துக் குறைபாடு இருப்பதை உளவியல் வல்லுநர் உறுதிப்படுத்தியிருக்கிறார். அந்த அறிக்கையுடன், தமிழ்ப் பாடத்திலிருந்து அவனுக்கு விலக்குக் கேட்டுப் பள்ளி வழியாக விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறோம். இதைக் கேள்விப்பட்ட உறவினர்கள், நாங்கள் தமிழையே கைகழுவிவிட்டதாகப் பேசுகிறார்கள், அது நியாயமில்லை. 2012இல் தொடங்கி 2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துசேர்ந்த டிஸ்லெக்சியா சீரமைப்பு வகுப்புக்கு அவன் போய்வருகிறான். ஆங்கில வாசிப்பில் முன்னேற்றமும் தெரிகிறது. ஆனால், அந்த வகுப்பு ஆங்கிலத்துக்கு மட்டுமே உரியது. தமிழில் அவனுக்கென்று முறையான பயிற்சி எதுவும் கொடுக்காமல், வாரந்தோறும் மற்றப் பிள்ளைகளுக்கு வைக்கும் அதே சொல்வதெழுதுதலை அவனுக்கும் வைத்து, தாளைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பித் தருவதை ஆதரவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஜூரோங் தமிழாசிரியை:
ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது; முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டிஸ்லெக்சியா முதன்மையாகப் பாதிப்பது வாசிப்பதையும் எழுதுவதையும்தான். என் வகுப்பில் ஒரு மாணவர் 'கொடி' என்ற சொல்லைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடுவார். காதில் ககர ஒலி முதலில் விழுகிறது, கண்ணிலோ கொம்பு முதலில் படுகிறது, துணைக்கால் மறுபக்கத்தில் நிற்கிறது. ஓர் எழுத்தைப் படிக்க மூன்று துண்டுகளை அவர் ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கிறது. உகர வரிசை இன்னும் கடினம்: கு, சு, து என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறிக்கொண்டே போகிறது. ஆகவே 'கொ' முழுவதையும் ஒரே அட்டையில் பெரிதாக அச்சிட்டு, விரலால் தடவிக்கொண்டே ஒலிக்கப் பழக்கினேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. அதே மாணவரைப் படம் பார்த்துக் கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாய்மூடிக் கேட்கும். விலக்குக் கொடுத்து அவரை வெளியே அனுப்பினால், அவருக்கு நன்றாக வருவதையும் சேர்த்தல்லவா பறித்துவிடுகிறோம்?

மதிப்பெண்ணுக்காக விலக்கை நாடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கநிலை 5 முதல் அடிப்படைத் தமிழ் எடுக்கலாம்; அதில் பேசுவதற்கும் கேட்டலுக்குமே பெரும்பகுதி மதிப்பெண். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அந்தப் பாடத்தில் 75 அல்லது அதற்கு மேல் பெற்றால் அது அடைவுநிலை 6க்கு (1 மிக உயர்ந்தது, 8 கடைசி) இணையாகக் கொள்ளப்படுகிறது. விலக்குப் பெற்றவருக்கும், மற்றப் பாடங்களில் அவர் எடுத்த புள்ளிகளை ஒட்டி, 6 முதல் 8 வரையிலான அடைவுநிலையே ஒதுக்கப்படுகிறது.

ஈசூன் வாசகி:
என் தம்பி மகளுக்கு விலக்குக் கிடைத்தது. தோழிகள் தமிழ் வகுப்புக்குப் போகும் நேரத்தில் அவள் நூலகத்தில் உட்கார்ந்திருப்பாள். சிறிது காலத்தில் வீட்டிலும் பாட்டியிடம் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். செங்காங் நண்பர் இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

செங்காங் தந்தை:
அக்கா, எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தமிழில்தான். பள்ளியில் பாடம் இல்லை என்பதற்காக அது மாறப்போவதில்லை. ஆசிரியை அவர்களுக்கு என் பதில் இது: மதிப்பெண் என் கணக்கிலேயே இல்லை. பள்ளி முடிந்து, சீரமைப்பு வகுப்பும் முடிந்து, களைத்து வரும் பிள்ளையை மறுபடியும் ரகர றகரத்தோடு மல்லுக்கட்ட வைக்கும் அந்த மாலை நேரம்தான் என் கவலை. 'எனக்கு மூளை இல்லையா அப்பா?' என்று அவன் கேட்பது தமிழ் வீட்டுப்பாடத்தின்போது மட்டும்தான். தொடக்கநிலை 5 வரும்வரை அவன் தன்னம்பிக்கை எந்த நிலையில் இருக்கும்? எல்லாரும் உங்களைப் போல் அட்டை செய்து கற்பிப்பதில்லை. சிறப்புத் தேவைகளுக்கான அலுவலர் பள்ளியில் இருக்கிறார், அன்பாகவும் பழகுகிறார். ஆனால், அவருக்குத் தமிழ் தெரியாது. நல்ல ஆசிரியர் அமைவது ஒரு பிள்ளையின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கும்வரை, விலக்குக் கேட்கும் பெற்றோரைக் குறைசொல்லாதீர்கள்.

ஜூரோங் தமிழாசிரியை:
குறைசொல்லவில்லை, ஐயா. தமிழுக்கென்று முறையான டிஸ்லெக்சியா பயிற்சி இல்லாதது பெருங்குறை என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். சிறப்புத் தேவையுடைய மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் சிறப்புப் பள்ளிகளில் அல்ல, வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்பத் தமிழ் வகுப்பு மாற வேண்டுமே தவிர, அவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறுவது தீர்வாகாது. பெற்றோர் ஒவ்வொருவராக விலகிப்போனால், அந்தப் பயிற்சியைக் கேட்பதற்கே ஆளில்லாமல் போய்விடும்.

செங்காங் தந்தை:
அந்தப் பொறுப்பை என் மகன் தலையில் ஏற்ற நான் தயாராக இல்லை. பயிற்சி வேண்டுமென்று நான் கேட்பேன். அவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தால்தான் கேட்க முடியும் என்பதில்லை.

ஜூரோங் தமிழாசிரியை:
அப்படியானால், விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் அவனுடைய தமிழாசிரியரையும் சிறப்புத் தேவை அலுவலரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுங்கள். சொல்வதெழுதுதலில் பாதிச் சொற்கள் போதும் என்றும், தேர்வில் கூடுதல் நேரமும் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளும் வேண்டும் என்றும் உளவியல் வல்லுநரின் அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். பள்ளி மறுத்தால் இங்கே எழுதுங்கள். அந்த அட்டைகளை நான் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.