ஐந்து மின்னஞ்சல் கணக்குகள்: எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குத் திருப்பிவிடலாமா?

தேன்சிட்டு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஐந்து மின்னஞ்சல் கணக்குகள் இருக்கின்றன: சொந்தப் பயன்பாட்டுக்கான ஜிமெயில், அலுவலகம் தந்த கணக்கு, பகுதிநேரமாகச் செய்யும் மொழிபெயர்ப்பு வேலைக்கென என் டொமைன் பெயரில் ஒன்று, செயலாளர் என்ற முறையில் நான் கவனித்துக்கொள்ளும் வாசகர் வட்டத்தின் கணக்கு, மாணவப் பருவத்தில் தொடங்கிய ஒரு பழைய இலவசக் கணக்கு. உலாவியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதிலேயே காலைப் பொழுது போய்விடுகிறது.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளருக்கான விலைப்பட்டியலைக் கவனக்குறைவாக வாசகர் வட்டத்தின் முகவரியிலிருந்து அனுப்பிவிட்டேன். அவர் அந்த முகவரிக்கே பேரம் பேசிப் பதில் எழுத, அதை வட்டத்தின் தலைவரும் பொருளாளரும் எனக்கு முன்பே படித்துவிட்டார்கள். அதே வாரத்தில், டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பு பழைய கணக்கில் படிக்கப்படாமல் கிடந்ததை, என் தளம் நின்றுபோன பிறகுதான் கண்டேன். எல்லாவற்றையும் ஜிமெயிலுக்கே தானாக வந்து சேரும்படி திருப்பிவிட்டால் இந்தச் சிக்கல் தீருமா?

கலங்கரை:

திருப்பிவிட வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்கு வேண்டியது எல்லாக் கணக்குகளையும் ஓரிடத்தில் படிக்கும் வசதிதான். கணக்குகளையே ஒன்றாகக் கலப்பது வேறு. தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் செயலி ஒன்றை நிறுவி, எல்லாவற்றையும் ஐமேப் முறையில் அதில் சேருங்கள். பழைய பாப் முறை அஞ்சலை ஒரு கணினிக்கு இறக்கிக்கொண்டு, அமைப்பைப் பொறுத்து சர்வரிலிருந்து அழித்தும் விடும். ஐமேப்பில் அஞ்சல்கள் சர்வரிலேயே இருப்பதால், கணினியில் படித்த கடிதம் கைபேசியிலும் படித்ததாகவே காட்டும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும் என்பதும் இதிலேயே அடங்கியிருப்பதால், ஐமேப்பைக் காப்புப்பிரதி என்று நம்பிவிடாதீர்கள்.

தண்டர்பேர்டில் ஒருங்கிணைந்த கோப்புறைக் காட்சியைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து இன்பாக்ஸ்களும் ஒரே பட்டியலாகத் தெரியும். அடியில் அவை தனித்தனியாகவே இருக்கும். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதினால், அது எந்தக் கணக்குக்கு வந்ததோ அந்த முகவரியே அனுப்புநராக அமையும். நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது புதிய கடிதம் எழுதும்போதுதான். ஒருங்கிணைந்த காட்சியில் இருந்தபடி புதிதாக எழுதத் தொடங்கினால் இயல்புநிலைக் கணக்குதான் அனுப்புநர் வரியில் வந்து நிற்கும். நீங்கள் விலைப்பட்டியலை அனுப்பியபோதும் இதுபோன்ற ஒன்றே நடந்திருக்கக்கூடும். 2024இல் வந்த 128ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். எழுதும் சாளரத்தின் அனுப்புநர் வரியிலும் அந்த நிறம் தெரியும். நான் வேலைக் கணக்குக்குச் சிவப்பு வைத்திருக்கிறேன். முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்காத நாட்களிலும் அந்தச் சிவப்பு கண்ணில் பட்டுக் கையை நிறுத்தியிருக்கிறது.

அலுவலகக் கணக்கை மட்டும் இதில் சேர்க்கும் முன் அலுவலகத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச் செயலிகளுக்கும் தானியங்கித் திருப்பலுக்கும் தடை விதித்திருக்கும் இடங்கள் பல.

ஆலமரம்:

கலங்கரை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். திருப்பிவிடுவது ஏன் ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று அதன் உரிமையாளர் எஸ்பிஎஃப் என்ற பதிவில் அறிவித்திருப்பார். உங்கள் டொமைனுக்கு வரும் கடிதத்தை உங்கள் சர்வர் ஜிமெயிலுக்குத் திருப்பி அனுப்பும்போது, அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சர்வரிலிருந்து கடிதம் வருவதாகவே ஜிமெயில் பார்க்கும், சோதனை தவறும். அனுப்பிய டொமைன் கடிதத்தில் இடும் டிகிம் என்ற மின்னணுக் கையொப்பம் இருந்து, வழியில் கடிதம் மாற்றப்படாமலும் இருந்தால் தப்பிக்கும். இல்லையென்றால் வாடிக்கையாளரின் கடிதம் ஸ்பேமில் விழும், அல்லது வந்தே சேராது. உங்களுக்கு வரும் குப்பை அஞ்சலும் உங்கள் சர்வர் வழியாகவே ஜிமெயிலுக்குப் போவதால், உங்கள் சர்வரின் நற்பெயரும் கெடுகிறது. இதே காரணத்தால் ஒரு வாடிக்கையாளரின் மூன்று கடிதங்களை நான் ஒரு மாதம் கழித்து ஸ்பேமிலிருந்து தோண்டி எடுத்தேன். அவர் அதற்குள் வேறு ஆளிடம் போயிருந்தார்.

தவறாக அனுப்பியதைப் பற்றி ஒரு சொல். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 விநாடி வரை நீட்டிக்கொள்ளலாம். அனுப்பிய மறுகணமே தவறு தெரிவதுதான் பெரும்பாலும் நடப்பது என்பதால், உடனே அதை 30க்கு மாற்றிவிடுங்கள்.

வெண்புறா:

நண்பரே, உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது அந்தப் பழைய கணக்கும் வாசகர் வட்டக் கணக்கும்தான்.

நீங்கள் பழைய கணக்கைத் திறக்காவிட்டாலும், டொமைன் போன்ற முக்கியமான சேவைகள் இன்னும் அந்த முகவரியைத்தான் நம்பிக்கொண்டிருக்கின்றன. பல நிறுவனங்கள் பயன்படாத கணக்குகளை அழித்துவிடுகின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. அப்படி அழிந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கடிதம் போய்ச்சேர இடமிருக்காது. அந்தப் பெட்டியில் 'கடவுச்சொல்', 'புதுப்பிப்பு', 'ரசீது' போன்ற சொற்களைத் தேடி, எந்தெந்தச் சேவைகள் அதில் பதிந்திருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக முகவரியை மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை. அப்படியே, உங்கள் ஜிமெயிலின் மீட்பு முகவரி எது, அந்த மீட்பு முகவரியின் மீட்பு முகவரி எது என்றும் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டினால், இரண்டின் கடவுச்சொல்லும் ஒரே நாளில் தொலையும்போது எதற்குள்ளும் நுழைய முடியாது.

வட்டத்தின் கணக்கு உங்களுடையது அன்று, பொறுப்புக்கு உரியது. அடுத்த செயலாளரிடம் அதை முழுமையாக ஒப்படைக்க வேண்டும் என்பதால், அதில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணை மட்டுமே மீட்பு வழியாக வைக்காதீர்கள், எந்தச் சொந்தச் சேவைக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

தேன்சிட்டு:

மூவருக்கும் நன்றி. இந்த வாரம் அலுவலகக் கணக்கைத் தவிர நான்கையும் தண்டர்பேர்டில் சேர்த்துவிட்டேன். பழைய கணக்கில் தேடியபோது 23 சேவைகள் அகப்பட்டன. மின்கட்டணமும் காப்பீடும்கூட அதில் இருந்தன. இதுவரை 14 மாற்றியாயிற்று. இன்னொரு ஐயம்: கைபேசியில் எல்லாக் கணக்கின் ஒலியும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு என்ன செய்கிறீர்கள்?

கலங்கரை:

ஒலி வாடிக்கையாளர் கணக்குக்கு மட்டும் இருக்கட்டும், மற்றவற்றுக்கு அறிவிப்பையே அணைத்துவிடுங்கள். வாசகர் வட்டத்தின் கடிதங்களை நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாலையில் ஒரு முறை மட்டும் திறப்பேன். பழைய கணக்கில் மீதமுள்ள ஒன்பதும் மாறும் வரை, வாரம் ஒரு முறை அதைத் திறக்க நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.