இமாட்டினிப் காலாவதியாம், கேட்டீர்களா?

திண்டுக்கல் பூட்டு: சிஎம்எல் ரத்தப்புற்றுநோய் பற்றிப் பேசும்போது லேப்ராணி நேற்று "பழைய மாத்திரை இமாட்டினிப் காலாவதி, இனி புது மாத்திரை டாசாட்டினிப்தான்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். என் அப்பா 2009-லிருந்து தினம் 400 மில்லிகிராம் இமாட்டினிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய் வருகிறார். அவரும் காலாவதியா?

லேப்ராணி: உங்கள் அப்பாவை நான் இழுக்கவில்லை. இரண்டு மாத்திரைகளையும் ஒப்பிட்டு 519 பேரை வைத்து நடந்த டாசிஷன் ஆய்வைப் படியுங்கள். 12 மாதத்தில் நோய் மரபணு ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தவர்கள் டாசாட்டினிப்பில் 46 சதவீதம், இமாட்டினிப்பில் 28. எது பெரிய எண்?

திண்டுக்கல் பூட்டு: அதே ஆய்வில் 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் டாசாட்டினிப்பில் 91 சதவீதம், இமாட்டினிப்பில் 90. அந்த வரியை எலி கடித்துவிட்டதா?

லேப்ராணி: 46. 28.

மாத்திரைப்பெட்டி: நடுவில் இதே நோய்க்கான இன்னொரு மாத்திரை நிலோட்டினிப்பை யாருமே கண்டுகொள்ளவில்லையே. என் சித்திக்கு அதுதான். வேளைக்கு 2 மணி நேரம் முன்னும் 1 மணி நேரம் பின்னும் சாப்பிடக் கூடாது, அதுவும் நாளுக்கு இரண்டு வேளை. கல்யாண வீட்டுக்குப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இதில் அடிக்கடி ஈசிஜி வேறு.

லேப்ராணி: சித்தி கதை அப்புறம். 46-க்கு 28 என்பதற்கு யாராவது பதில் சொன்னீர்களா? முற்றிய நிலைக்குப் போனவர்களும் டாசாட்டினிப்பில்தான் குறைவு, 4.6 சதவீதம்; இமாட்டினிப்பில் 7.3. சீக்கிரம் ஆழமாக இறங்கினால் பின்னாளில் மருத்துவர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கவும் வழி உண்டு. ஆயுசு முழுக்க விழுங்குவது உங்களுக்குப் பெருமையாக இருக்கலாம்.

திண்டுக்கல் பூட்டு: டாசாட்டினிப்பில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்ததே, 5 வருடத்தில் 28 சதவீதம் பேருக்கு! அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இமாட்டினிப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை.

லேப்ராணி: பார்த்தீர்களா, உங்கள் வாயாலேயே 28 வந்துவிட்டது.

திண்டுக்கல் பூட்டு: அது வேற 28!

ஓய்வுபெற்ற வாத்தியார்: மன்னிக்கவும், ஒரு சந்தேகம். நோய்க்குக் காரணம் பிசிஆர்-ஏபிஎல் என்கிறார்கள். நோய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையின் பெயரும் பிசிஆர். இரண்டும் ஒன்றா?

லேப்ராணி: இல்லை சார். ஒன்று மரபணு, இன்னொன்று அதை எண்ணும் முறை. தமிழில் எழுதினால் ஒரே மாதிரி வரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்: அப்படியானால் தமிழில் வேறு பெயர் வைக்க வேண்டும். இதைத்தான் போன வருடமும் சொன்னேன், யாரும் மதிக்கவில்லை.

மாத்திரைப்பெட்டி: போன வருடம் நீங்கள் சொன்னது சர்க்கரை நோய்க்கு.

கிண்டி கோபாலன்: எல்லோரும் விலையை மறந்துவிட்டீர்கள். இமாட்டினிப்பின் கம்பெனிப் பெயரான கிளிவெக் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றபோது, அதே மருந்தை மற்ற கம்பெனிகள் செய்த ஜெனரிக் சுமார் பத்தாயிரம். கிளிவெக்குக்குக் காப்புரிமை தரச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது, 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அது நடக்காமல் இருந்திருந்தால் பூட்டு சாரின் அப்பா எந்த மாத்திரையைப் போட்டிருப்பார்?

லேப்ராணி: வழக்கறிஞர் வந்துவிட்டார். தீர்ப்பு விலைக்குத்தானே, ரத்தத்துக்கு இல்லையே. பிளாஸ்மா தான விவகாரத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து சட்டம் பேசினீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

கிண்டி கோபாலன்: நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று நான் சொன்னதுதான் சரி.

லேப்ராணி: அன்றும் தப்பு, இன்றும் தப்பு.

திண்டுக்கல் பூட்டு: அந்த நோய் மரபணுவில் டி315ஐ என்ற மாற்றம் வந்தால் உங்கள் டாசாட்டினிப்பும் கை விரித்துவிடும், பொனாட்டினிப்போ அசிமினிப்போ என்று வேறு மாத்திரை தேட வேண்டும். அப்போது டாசாட்டினிப்பும் காலாவதியா?

லேப்ராணி: அந்த மாற்றத்துக்கு இமாட்டினிப்பும் வேலை செய்யாது. சொந்த வீட்டு ஓட்டையைப் பாருங்கள். 46. 28.

திண்டுக்கல் பூட்டு: 91. 90.

மாத்திரைப்பெட்டி: சித்தி கேட்கச் சொன்னார்: நிலோட்டினிப் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் காபி குடிக்கலாமா?

லேப்ராணி: பால் ஊற்றினால் அதுவும் சாப்பாடுதான். தண்ணீர் மட்டும். மற்றதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். பூட்டு சார், 12-ஆம் மாதம் பற்றி இன்னும் நீங்கள் வாயே திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்: என் கேள்வியும் அப்படியே நிற்கிறது. சோதனைக்குத் தமிழ்ப் பெயரா, மரபணுவுக்கா?