தோழிகள் மட்டும்தானா? கார்ட்டூன் பார்த்தவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூர் உறுப்பினர் (திரியைத் தொடங்கியவர்):

2014 டிசம்பர் 19 அன்று 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் இறுதிப் பகுதி வெளியானபோது நான் கல்லூரி விடுதியில் மூன்றாம் ஆண்டு மாணவன். நிக்கலோடியன் அலைவரிசை அத்தொடரை அந்த ஆண்டின் நடுவிலேயே தொலைக்காட்சியிலிருந்து எடுத்துத் தன் இணையதளத்துக்கு மாற்றிவிட்டதால், அமெரிக்கச் சிறுவர்களும் எங்களைப் போலவே கணினித் திரையில்தான் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்கு ஓர் அற்பமான ஆறுதலாக இருந்தது. கடைசிக் காட்சியில் நாயகி கோராவும் அவள் தோழி அசாமியும் கைகோத்தபடி ஆவியுலக வாயிலுக்குள் நடந்து, பொன்னிற ஒளியில் ஒருவரையொருவர் நோக்கித் திரும்பி, இரு கைகளையும் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள்; தொடர் அத்தோடு முடிகிறது. அறையில் இருந்த நால்வரில் மூவர், தோழிகள் இருவரும் சுற்றுலா கிளம்பிவிட்டார்கள் என்று சொல்லியபடி எழுந்தோம். என் பக்கத்துக் கட்டில்காரன் மட்டும் எழவில்லை. "மாலை ஒன்றுதான் குறை, மற்றபடி இது கல்யாணக் காட்சிதானே" என்றான். அன்றிரவு இரண்டு மணி வரை சண்டை.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 22 அன்று, தொடரை உருவாக்கிய பிரையன் கோனியெட்ஸ்கோவும் மைக்கேல் டான்டே டிமார்டினோவும் தத்தம் டம்ப்ளர் வலைப்பதிவுப் பக்கங்களில், அந்த இருவரும் காதலர்களே என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதினார்கள். நிறுவனம் ஆதரவாகவே இருந்தது என்றும், ஆயினும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது என்றும் கோனியெட்ஸ்கோ குறிப்பிட்டிருந்தார். இது திடீரென முளைத்ததாகத் தோன்றுகிறவர்கள் கடைசி இரண்டு பருவங்களை (சீசன்களை) மீண்டும் ஒருமுறை பார்க்கட்டும் என்பதும் அவர் எழுதியதன் சாரம். செமஸ்டர் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டு நான் பார்த்தேன். உடலும் மனமும் நொறுங்கிக் கிடந்த ஆண்டுகளில் கோரா பதில் கடிதம் எழுதியது அசாமிக்கு மட்டும்தான். மற்ற நண்பர்களிடம் சொல்லிவிடாதே என்று அதிலேயே கேட்டுக்கொள்கிறாள். திரும்பி வந்தபின் அவள் முடியை அசாமி புகழ்ந்தபோது கோராவின் கன்னம் சிவக்கிறது. முதல் முறை இதையெல்லாம் பார்த்தும் நான் பார்க்கவில்லை. ஆனால் முதல் பருவத்தில் நண்பன் மாகோ அசாமியோடு பழகிக்கொண்டிருந்த காலத்திலேயே கோரா அவனை முத்தமிட்டபோது, இது எங்கிருந்து வந்தது என்று எங்கள் அறையில் ஒருவரும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

டொராண்டோ உறுப்பினர்:

என்னுடைய கதை இதற்கு நேர் எதிரானது, ஏனெனில் எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே பெரியவர்கள் பாடுபட்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் நாங்கள் பள்ளி முடிந்து வந்து பார்த்த 'செய்லர் மூன்' ஆங்கிலப் பதிப்புக்குக் குரல் கொடுக்கப்பட்டது எங்கள் டொராண்டோ நகரில்தான். ஜப்பானிய மூலத்தில் காதலர்களாக வரும் ஹாருகாவும் மிச்சிருவும் அந்தப் பதிப்பில் அமாரா, மிஷெல் என்று பெயர் மாறி, ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கப்பட்டிருந்தார்கள். வசனத்தை மாற்ற முடிந்தவர்களால் படத்தை மாற்ற முடியவில்லை. கண்ணோடு கண் நோக்குவதும் கையோடு கை பிணைவதும் அப்படியே இருந்தன. வகுப்பிலிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்தச் சகோதரிகள் பெருங்குழப்பமாக இருந்தார்கள். எனக்கும் என் தமக்கைக்கும் குழப்பமே இல்லை: மாமாவின் பிள்ளையும் மாமியின் பிள்ளையும் மச்சான் மச்சாள் முறை என்றும், அவர்கள் கட்டிக்கொள்ளலாம் என்றும் அறிந்து வளர்ந்த வீட்டில், இவர்களும் அப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டோம். மறைப்பதற்காகப் போட்ட திரை எங்கள் வீட்டுக்குள் வந்ததும் தானாகவே விலகிவிட்டது.

பின்னாளில் இணையத்தில் மூலத்தைப் பார்த்த இரசிகர்கள் அந்தச் சகோதரிக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இன்றும் எந்தத் தொடரிலாவது ஒரு காதல் மழுப்பப்பட்டால் அந்தப் பழைய கேலி எழுகிறது. விஸ் நிறுவனம் 2014 முதல் வெளியிடத் தொடங்கிய புதிய ஆங்கிலப் பதிப்பில் அவர்கள் மறுபடியும் காதலர்களாகவே வருகிறார்கள். என் தமக்கை அதைப் பார்த்துவிட்டு, மச்சாள் முறை போய்விட்டதே என்று பொய்யாகக் கவலைப்பட்டாள்.

ஈரோடு உறுப்பினர்:

கோயம்புத்தூர் நண்பரே, உங்கள் அறையில் எழுந்துபோன மூவரைப் போன்றவன்தான் நானும். கோரா முடிந்தபோது திடீர்த் திருப்பம் என்று நானும் எழுதினேன். அதற்காக என்னை வெறுப்பாளன் என்று வசைபாடியவர்கள் பலர். எனக்கு வெறுப்பு ஏதும் இருக்கவில்லை. அப்படி ஒன்று கார்ட்டூனில் நடக்கக்கூடும் என்ற எண்ணமே இருக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று இன்றும் நினைக்கிறேன்.

பெங்களூரு உறுப்பினர்:

வேறு வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கத் தெரிந்தவர்களின் நிலை இன்னும் கடினமானது என்பதற்கு 'வோல்ட்ரான்: லெஜண்டரி டிஃபெண்டர்' தொடர் எனக்குப் பாடமாக அமைந்தது.

2018 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் என்ற இரசிகர் மாநாட்டில் அதன் ஏழாம் பருவத்தின் முதல் பகுதியைத் திரையிட்டபோது, குழுவின் தலைவனாக விளங்கும் ஷிரோ ஒரு தன்பாலீர்ப்பாளன் என்பது தெரியவந்தது. அவனுக்கு ஆடம் என்றொரு துணை இருந்திருக்கிறான். விண்வெளிப் பயணத்துக்குப் போவாயானால் திரும்பி வரும்போது நான் இருக்கமாட்டேன் என்று சொல்லிப் பிரிந்தவன். கோமாளியாகவோ வில்லனாகவோ இல்லாமல், எல்லோரும் அண்ணன் என்று மதிக்கும் ஒரு வீரன் நம்மைப் போன்றவன் என்பதை அறிந்த அந்த மூன்று வாரங்களை நான் மறக்கவில்லை. முன்பின் அறியாத நாடுகளிலிருந்து எத்தனையோ பேர் ஷிரோவும் ஆடமும் மீண்டும் சந்திக்கும் காட்சியைக் கற்பனையில் வரைந்து பகிர்ந்தார்கள். அவற்றில் சிலவற்றை நான் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 10 அன்று பருவம் முழுவதும் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. ஆடம் சில நிமிடங்களே வருகிறான். பூமியின் மீதான படையெடுப்பில் போர் விமானத்தோடு எரிந்து போகிறான். ஷிரோவுக்கு மிஞ்சுவது நினைவுச் சுவரில் இருக்கும் ஒரு படம். தன்பாலீர்ப்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்த வேகத்தில் கொன்றுவிடும் வழக்கத்துக்கு இரசிகர்களிடையே நெடுங்காலமாகவே ஒரு பெயர் உண்டு. அன்று அந்தப் பெயர் எங்கும் ஒலித்தது. நானும் சும்மா இருக்கவில்லை. தொடரில் வேலை பார்த்த, அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத ஓர் ஓவியருக்கு மிகக் கடுமையாக ஒரு செய்தி அனுப்பினேன். மறுநாள் அதை அழித்தேன்; அவர் அதற்குள் படித்திருந்தார். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கோபம் தவறு என்று இப்போதும் சொல்லமாட்டேன்: எங்களுக்குக் காட்டி, எங்கள் மகிழ்ச்சியைச் செய்தியாக்கி, உள்ளே ஒரு இழவை வைத்துக் கொடுத்தால் வேறென்ன செய்வது?

தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹோக்கிம் டோஸ் சாண்டோஸ் அதே மாதம் ஒரு திறந்த மடலில் வருத்தம் தெரிவித்தார். டிசம்பர் 14 அன்று வெளியான கடைசிப் பருவத்தின் முடிவுரையில் ஷிரோவுக்குத் திருமணம் நடக்கிறது. மணமகன், அதுவரை கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்த கர்டிஸ். சிலர் கண்ணீரோடு கொண்டாடினார்கள். பலர், பெண் பார்க்கும் படலம்கூட இல்லாமல் நேராகத் தாலிகட்டா என்று சினந்தார்கள். நான் இரண்டாம் கூட்டத்தில் இருந்தேன், ஆயினும் அந்த ஒற்றைப் படத்தையும் கைப்பேசியில் சேமித்துக்கொண்டேன்.

டாலஸ் உறுப்பினர்:

சிறு குழந்தைகளின் தாய் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். 2019 மே மாதம் 'ஆர்தர்' என்ற சிறுவர் கார்ட்டூன் தொடரில் ஆசிரியர் ராட்பர்ன் இன்னொரு ஆணை மணந்துகொண்டார். அலபாமா மாநிலப் பொதுத் தொலைக்காட்சி அந்தப் பகுதியை ஒளிபரப்ப மறுத்தது. இருபது ஆண்டுகளாக அவரை அறிந்த பெரியவர்கள் எல்லாம் நெகிழ்ந்து எழுதிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஏழு வயது மகன் என்ன கேட்பானோ என்று பதில்களைத் தயாரித்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். வாத்தியார்கள் நடனமாடுவார்களா என்று கேட்டான். தொடரில் வரும் பிள்ளைகளுக்கும் அதுதான் அதிர்ச்சி என்பது எனக்குப் பிறகுதான் கவனத்துக்கு வந்தது.

சென்னை உறுப்பினர்:

'அட்வென்ச்சர் டைம்' தொடரின் கடைசிப் பகுதி 2018 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. இளவரசி பபிள்கம்மும் மார்சலின் என்ற பெண்ணும் அதில் முத்தமிடுகிறார்கள். கண் இமைத்தால் தவறிவிடும் அளவு சிறிய காட்சி. 2011இலேயே அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியவர்கள் ஏழு ஆண்டுகள் அதற்காகக் காத்திருந்தார்கள். நானும் ஒருத்தி.

எனக்கு அந்தப் பகுதி கிடைத்தது 6ஆம் தேதி இரவு. அன்று காலையில்தான் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பு வழங்கியிருந்தது. கூடத்தில் அப்பா பார்த்துக்கொண்டிருந்த செய்தி விவாதத்தில் யாரோ பண்பாடு, பண்பாடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் நானும் தங்கையும் மடிக்கணினியில் ஒரே காதொலிக் கருவியை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொண்டு பார்த்தோம். அந்தக் காட்சி வந்ததும் நான் நிறுத்தி, பின்னால் இழுத்து, மீண்டும் ஓட்டினேன். மூன்று முறை. தங்கை எதுவும் சொல்லாததால், உனக்கு ஆச்சரியமாக இல்லையா என்று கேட்டேன்.

"அந்தச் சட்டையிலேயே தெரிந்துவிட்டதே" என்றாள். மார்சலின் கொடுத்த பழைய டி-ஷர்ட்டை இளவரசி அலமாரியில் ஒளித்து வைத்து, எடுத்து முகர்ந்து பார்க்கும் ஒரு பகுதி உண்டு. அதை நாங்கள் பார்த்தபோது அவளுக்குப் பதினொரு வயது.

பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா, உன் அலமாரியையும் நான்தானே அடுக்கி வைக்கிறேன்" என்றாள்.