புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்தது: வேலைக்குத் திரும்புவதா, எழுதிக் கொடுத்துவிடுவதா?

பம்பு ஃபிட்டர், கோவை:
வணக்கம். வயது 57. இங்கே ஒரு பம்பு கம்பெனியில் அசெம்பிளி ஃபிட்டர். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 11 வந்து, பயாப்ஸியில் புற்றுநோய், கிளீசன் (அதன் தீவிரத்தைச் சொல்லும் அளவு) 3+4 என்று சொல்லி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) மூலமாகவே புராஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன். மூத்திர டியூபைக் கழற்றியாகிவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது. இப்போது தொல்லை மூத்திரம் ஒழுகுவதுதான். காலையில் பரவாயில்லை. மதியத்துக்கு மேல் தும்மினால் போதும், உட்கார்ந்து எழுந்தால் போதும். கடைக்குப் போவதென்றாலும் பேட் வைத்துக்கொண்டுதான்.

என் வேலை நின்றுகொண்டே செய்வது. மோட்டார் பாடியைத் தூக்கி பெஞ்சில் வைக்க வேண்டும். தூக்குவதற்குச் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) இருக்கிறது, ஆனால் டெஸ்பேட்ச் அவசரத்தில் அதை யார் இழுத்துக்கொண்டிருப்பது? பாத்ரூம் ஷெட்டுக்கு வெளியே கடைசியில். நைட் ஷிஃப்ட் வேறு. கூட நிற்பதெல்லாம் என் பையன் வயசுப் பசங்க. அவர்களிடம் ஹெர்னியா (குடலிறக்கம்) என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சூப்பர்வைசர் "எப்பண்ணே வர்றீங்க" என்று போன் போடுகிறார். வீட்டிலோ, "ரிடையர் ஆக இன்னும் கொஞ்ச மாசம்தானே, எழுதிக் கொடுத்துட்டு வந்துடுங்க" என்கிறாள். பெண் கல்யாணக் கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் மனசு ரிசல்ட்டையே சுற்றுகிறது. உடம்பால் வேலை செய்கிற யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள். இரண்டாம் வாரமே லேப்டாப்பைத் திறந்த கதை வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மில்காரர், உடுமலை:
அண்ணே, நான் ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸ். இதே ஆபரேஷன். ஹெர்னியா என்று சொன்னீர்களே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கும் தூக்கக்கூடாது! நிஜமாகவே இந்த ஆபரேஷனுக்குப் பிறகு குடலிறக்கம் வருகிறவர்கள் உண்டு. வயிற்றைத் திறந்து செய்ததென்றால் ஆறு வாரமாவது கனம் தூக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். உங்கள் வேலைக்கு அதற்கும் மேலே ஆகலாம், அதை உங்கள் டாக்டரே சொல்லட்டும். பைக்கும் அவர் சரி என்ற பிறகுதான்.

மதியத்துக்கு மேல் ஒழுகுவது எனக்கும் அப்படித்தான். மூத்திரத்தை அடக்கும் அடிப்பக்கத் தசை சாயங்காலத்துக்குள் சோர்ந்துவிடுகிறது. அதனால் திரும்பியபோது காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கினேன், முதலில் அரை நாள்தான். டீயைக் குறைத்தேன். தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், மூத்திரம் கெட்டிப்பட்டால் எரிச்சலில் இன்னும் அவசரமாக வரும். கருப்பு பேன்ட், டிபன் பையில் மாற்று ஜட்டியும் பேட்டும். டைம் ஆபீஸில் (வருகை, லீவு பார்க்கும் இடம்) நம்பிக்கையான ஒருத்தரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பசங்களுக்கு நம்மைக் கவனிக்க எங்கே நேரம், எல்லாம் போனில்தான் இருக்கிறார்கள்.

பிசியோ தங்கை:
அந்தத் தசைக்கான கீகல் பயிற்சி செய்கிறீர்களா, அண்ணா? மூத்திரத்தைப் பாதியில் அடக்குவதுபோல இறுக்கி, சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்காதீர்கள், மூச்சையும் அடக்காதீர்கள். மூத்திரம் போகும்போதே இதைப் பழகவும் வேண்டாம். தும்மல் வருகிறதா, எழுந்திருக்கிறீர்களா, ஸ்பேனரை அழுத்துகிறீர்களா, அதற்கு முன்னாலேயே இறுக்கிவிடுங்கள். பெரும்பாலோருக்கு மாதக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறையும். ஒரு வருஷம் வரைகூட முன்னேற்றம் இருக்கும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் எல்லாம் கெடும்.

பழைய டைம் ஆபீஸ்:
தம்பி, 30 வருஷம் இந்தப் பேப்பர்களோடுதான் குடித்தனம் நடத்தினேன். எழுதிக் கொடுப்பதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருஷமாகத் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் ஒழுங்காகக் கட்டியிருந்தால், அந்த 91 நாளுக்குப் பிறகும் 80 சதவீதம் கிடைக்க வழி உண்டு. டிஸ்பென்சரியில் சர்டிபிகேட்டை இடைவெளி விடாமல் வாங்குங்கள், அதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள்.

இன்னொன்று. ஐந்து வருஷமாவது காப்பீட்டில் இருந்து வயது முடிந்து ரிடையர் ஆனால், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டி உங்களுக்கும் மனைவிக்கும் வைத்தியம் தொடரலாம். சும்மா ராஜினாமா என்றால் அந்த வாசல் அடைபடலாம். பி.எஸ்.ஏ.வை வருஷக்கணக்கில் பார்க்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயமா?

மில்காரர், உடுமலை:
அய்யா சொன்னதோடு ஒன்று. முதல் பி.எஸ்.ஏ. வரும்வரை முடிவே எடுக்காதீர்கள். எடுத்தபின் 0.1க்குக் கீழே இருந்தால் நல்லது. ஏறினால் ரேடியேஷன் சொல்லலாம். அது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் ஓடும். லீவைக் கையில் வைத்திருங்கள்.

பம்பு ஃபிட்டர், கோவை:
எல்லோருக்கும் நன்றி. 120 ரூபாய் விஷயத்தைக் காட்டியதும் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. ரிசல்ட் வரும்வரை லீவை நீட்டுகிறேன். அப்புறம் திரும்பினால் ஸ்டோரிலோ டெஸ்டிங்கிலோ கேட்கலாம் என்றிருக்கிறேன், அங்கே தூக்குவது கிடையாது, பாத்ரூமும் பக்கம். அய்யா, லைட் வேலை என்று டாக்டர் லெட்டர் தந்தால் அதில் நோயின் பெயர் வந்தாக வேண்டுமா?

பழைய டைம் ஆபீஸ்:
கம்பெனிக்கான லெட்டரில் "ஆபரேஷன் ஆனவர், கனம் தூக்கக் கூடாது, இரவு ஷிஃப்ட் வேண்டாம், இத்தனை மாதம்" என்று மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் பார்த்தவரை கேட்டால் தருவார்கள். தேதியும் சீலும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டு வாருங்கள்.