மறுமொழி: ஃபிரேமிங் நெய்லர் – தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மரச்சட்டங்களில் காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் ‘ஃபிரேமிங் நெய்லர்’ கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ‘வளிமச் சட்டக ஆணி அடிப்பான்’, ‘ஆணித் துப்பாக்கி’, ‘ஆணி எய்வி’ மூன்றும் களத்தில் இருக்கின்றன. கனடாவின் ஒண்டாரியோவில் மரச்சட்டத்தால் வீடு எழுப்பும் வேலையில் தினமும் இந்தக் கருவியைப் பிடிப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் தமிழ் ஆட்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இங்கே முடிவாகும் சொல் நேரே அதில்தான் போய் உட்காரும்.

முதலில், கருவி வேலை செய்யும் விதம். கம்ப்ரசரிலிருந்து ஓஸ் வழியாக வரும் காற்று கருவியின் உடம்புக்குள் நிரம்பி நிற்கும். மூக்கை, அதாவது ஆணி வெளிவரும் முனையை, மரத்தில் வைத்து அழுத்தி விசையை (டிரிகர்) இழுத்தால் வால்வு திறந்து காற்று பிஸ்டனின் தலையில் இறங்கும். பிஸ்டனோடு சேர்ந்த நீளமான எஃகுத் தகடு ஆணியின் தலையில் ஒரே அடி அடிக்கும். மூன்றேகால் அங்குல ஆணி கண் இமைப்பதற்குள் இரண்டு சட்டங்களையும் பிடித்து உட்கார்ந்துவிடும். அடிக்கும்போதே பக்கக் கூட்டில் ஒதுங்கிய கொஞ்சம் காற்று, அடுத்த நொடியில் பிஸ்டனை மேலே தள்ளிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, மூக்கு அழுந்த வேண்டும், விசையும் இழுபட வேண்டும் என்பதுதான். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஆணி வராது. ‘துப்பாக்கி’ என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கம் இங்கேதான் தொடங்குகிறது. துப்பாக்கி என்றதும், விசையை இழுத்தால் சுடும், இழுக்காவிட்டால் சுடாது என்றுதான் மனதில் பதியும். இந்தக் கருவியில் ஒரு வகை அப்படியில்லை. விரல் விசையில் இழுத்தபடியே இருக்க, மூக்கு எதன்மேல் பட்டாலும் ஆணி இறங்கும். அது பலகையாக இருக்கலாம், பக்கத்தில் நிற்பவரின் முழங்காலாகவும் இருக்கலாம். பேச்சில் ‘நெயில் கன்’, ‘ஏர் கன்’ என்று சொல்வதை யாரும் மாற்றப்போவதில்லை, மாற்றவும் வேண்டாம். சென்னையில் உள்ளலங்கார வேலை செய்யும் தச்சர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கையேட்டில் எழுதும் சொல்லுக்கு மட்டும் துப்பாக்கி வேண்டாம் என்கிறேன். ‘எய்வி’யும் அதே காரணத்தால் வேண்டாம். இந்தக் கருவியின் ஆணி வெளியில் பறக்கவே கூடாது.

அப்புறம் ‘வளிம’. இதை முன்வைத்த ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வளிமம் என்றால் பாடநூலில் படித்தவருக்கு வாயு. சந்தையில் எரிவாயுக் குப்பியால் இயங்கும், ஓஸ் இல்லாத ஆணிக் கருவியும் இருக்கிறது. பாஸ்லோட் நிறுவனத்தின் இம்பல்ஸ் அந்த வகைதான். ‘வளிம’ என்று பெயர் வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். குழப்பம் பெயரோடு நிற்காது. காற்றுக் கருவிக்கு ஆக்சிஜன் சிலிண்டரையோ வேறு வாயுச் சிலிண்டரையோ ஒருபோதும் மாட்டக் கூடாது, வெடித்துவிடும் என்று ஒவ்வொரு கையேடும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு மேலே தலைப்பில் ‘வளிமக் கருவி’ என்று இருந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? ‘காற்று’ என்ற எளிய சொல்லே இங்கே சரி.

என் பரிந்துரை: ஆணியறைவி. ஆணிக்கு உரிய வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பசுமரத்தில் ஆணி அறைந்தாற்போல என்கிறோம், சிலுவையில் அறைந்தார்கள் என்கிறோம். ‘அறை’ என்றால் ரூம்தானே நினைவுக்கு வரும் என்று ஒருவர் கேட்கக்கூடும். முன்னால் ஆணி நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. உலாவி, செருகி என்று பழகிய காதுக்கு அறைவியும் பழகிவிடும். காற்றில் இயங்குவது காற்று ஆணியறைவி, வீட்டுச் சட்டகம் கட்டுவதற்கானது சட்டக ஆணியறைவி. ‘சட்ட’ என்று சுருக்கினால் நீதிமன்றம் உள்ளே வந்துவிடும், ‘சட்டக’ என்றே இருக்கட்டும். வேலையிடத்தில் வெறும் ‘அறைவி’ போதும்.

இனி உட்பிரிவுச் சொற்கள். கடையில் போய் நிற்பவருக்கு இவைதான் முதலில் தேவைப்படும். ஆணிகள் உதிரியாக வருவதில்லை, கோத்துத்தான் வரும். நீளமாகக் கோத்ததை ‘ஆணிச்சரம்’ என்றும், வட்டமாகச் சுற்றியதை ‘ஆணிச்சுருள்’ என்றும் சொல்லலாம். பட்டாசுச் சரம் தெரிந்த யாருக்கும் இது விளங்கும். அவை உட்காரும் இடம் ‘ஆணிக்கூடு’.

சரம் கருவியில் எவ்வளவு சாய்ந்து உட்காரும் என்ற கோணம் முக்கியம். 21 பாகைச் சரம் பிளாஸ்டிக்கில் கோத்தது, ஆணிக்கு முழு வட்டத் தலை. 30 முதல் 34 பாகை வரை உள்ளவை காகிதத்தில் கோத்தவை. ஆணிகள் நெருங்கி நிற்பதற்காகத் தலையின் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும், அல்லது தலை ஓரமாகத் தள்ளி இருக்கும். 28 பாகையில் கம்பியால் பற்றவைத்தவை வரும். சுருள் பொதுவாக 15 பாகை. ஒரு கோணத்துக்கான அறைவியில் இன்னொரு கோணச் சரம் சரியாக ஓடாது. அதனால் அறைவியை வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்க் கடையில் எந்தக் கோணச் சரம் எப்போதும் கிடைக்கிறது என்று பாருங்கள். அப்புறம் உங்கள் ஊர்க் கட்டட விதி வெட்டுத்தலை ஆணியை ஏற்கிறதா என்று விசாரியுங்கள். பலத்த காற்று வீசும் பகுதிகள் பலவற்றில் ‘முழுத்தலை ஆணி’தான் கேட்பார்கள். அதனால் ‘முழுத்தலை’, ‘வெட்டுத்தலை’ இரண்டும் நம் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கூடு ஏன் சாய்ந்திருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இங்கே சுவரில் குத்துச்சட்டங்களைப் பெரும்பாலும் நடுவுக்கு நடு 16 அங்குலத்தில் நிறுத்துவோம். சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம் போக, நடுவில் கிடைப்பது பதினான்கரை அங்குலம்தான். அதற்குள் கருவியை நுழைத்து, கீழே கிடைச்சட்டத்தோடு சாய்வாக ஆணி அறைய வேண்டும். கூடு நேராக நீட்டிக்கொண்டிருந்தால் முழங்கையும் இடிக்கும், கூடும் இடிக்கும். சாய்வு கூடக் கூட மூலையில் நுழைவது எளிது. என் கைக்கு 30 பாகைதான் வசதி. ஆனால் மழை நாளில் காகிதச் சரம் ஈரம் குடித்து ஊதி, கூட்டுக்குள் சிக்கும். பிளாஸ்டிக் சரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பதில் ஒவ்வொரு அடிக்கும் பிளாஸ்டிக் துணுக்கு முகத்தை நோக்கித் தெறிக்கும். கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது. சுருள் வைத்த கருவியில் 200 ஆணிக்கு மேல் நிரப்பலாம், எடையும் அதற்கேற்ப ஏறும். கீழே தளப்பலகை அறைய அது நல்லது. ஏணியில் நின்று தலைக்கு மேலே பிடிக்க வேண்டுமென்றால் மூன்றரைக் கிலோவே சாயங்காலத்துக்குள் தோளைப் பிடித்துவிடும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் சொல்லுக்கு வருகிறேன். விசை இரண்டு வகை. ஆங்கிலத்தில் ஒன்று ‘சீக்வென்ஷியல்’, மற்றது ‘கான்டாக்ட்’ அல்லது ‘பம்ப்’ (bump, தட்டுதல்). முதல் வகையில் மூக்கை அழுத்திய பிறகே விசையை இழுக்க வேண்டும். அதிலும் முழுப் பாதுகாப்பான வடிவத்தில் ஒவ்வொரு ஆணிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாம் வகையில் விசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூக்கால் தட்டிக்கொண்டே போகலாம், தட்டிய இடமெல்லாம் ஆணி.

இந்த இழையில் முதல் வகைக்கு ‘தொடர் விசை’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. நண்பர்களே, தயவுசெய்து அதை ஏற்க வேண்டாம். சீக்வென்ஸ் என்பதற்குத் ‘தொடர்’ என்று வேறு துறைகளில் இருக்கலாம். ஆனால் ‘தொடர் விசை’ என்று படிக்கும் தொழிலாளி, தொடர்ந்து அடித்துக்கொண்டே போகும் விசை என்றுதான் புரிந்துகொள்வார். அது நேர் எதிரான, ஆபத்தான வகை. ‘தொடர் விசையை மட்டுமே பயன்படுத்தவும்’ என்று கையேட்டில் நாம் எழுதினால் அவர் போய்த் தட்டி அடிக்கும் விசையை மாட்டுவார்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2001 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் இந்தக் கருவியால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் 2011-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, தட்டி அடிக்கும் விசையில் காயப்படும் வாய்ப்பு மற்றதைப் போல இரண்டு மடங்கு என்கிறது. பாதிக்கு மேல் கையிலும் விரலிலும் படும் காயங்கள்.

எனவே முதல் வகைக்கு ‘ஒற்றையடி விசை’, இரண்டாவதற்குத் ‘தொட்டடி விசை’. ஒன்றில் ஒரு இழுப்புக்கு ஒரு அடி, மற்றதில் தொட்டால் அடி. முறைப்படி அழுத்தி இழுக்க வேண்டிய முழுப் பாதுகாப்பு வடிவத்துக்கு ‘முழுமுறை ஒற்றையடி’ என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். விசை என்றால் இயற்பியலில் ‘ஃபோர்ஸ்’ ஆயிற்றே என்று ஒரு தோழி எழுதியிருந்தார். துப்பாக்கி விசை, மின்விசை, விசைப்பலகை எல்லாம் ஒன்றோடொன்று மோதாமல் வாழ்கின்றன, இதுவும் வாழும்.

இதை ஒட்டி இன்னும் இரண்டு சொல். அடித்த வேகத்தில் கருவி பின்னால் துள்ளுவது ‘பின்னுதைப்பு’. துள்ளிய கருவி விரல் விசையில் இருக்கும்போதே திரும்ப மரத்தில் பட்டு, கேட்காமலே இரண்டாவது ஆணியை இறக்குவது ‘இரட்டையடி’. புதியவர்கள் கருவியைப் பலமாக அமுக்குவார்கள், இரட்டையடி அப்போது எளிதாக வரும். புதியவர் கையில் முழுமுறை ஒற்றையடி விசை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தளப்பலகை அறைவதில் கொஞ்சம் நேரம் கூடினால் கூடட்டும்.

காற்றழுத்தத்துக்குப் புதுச் சொல் தேவையில்லை. பெரும்பாலான அறைவிகள் 70 முதல் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை கேட்கும். 90-இல் தொடங்கி ஒரு துண்டு மரத்தில் அறைந்து பாருங்கள். ஆணித்தலை மரத்தோடு சமமாக உட்கார வேண்டும். தலை வெளியே நின்றால் முதலில் மூக்கருகே ஆணி இறங்கும் ஆழத்தை மாற்றும் திருகை (‘ஆழத் திருகு’) சரிசெய்யுங்கள், எடுத்ததும் அழுத்தத்தை ஏற்றாதீர்கள். சுவர்ப்பலகையில் தலை உள்ளே புதைந்துவிட்டால் பலகையின் மேற்பரப்பு கிழிந்து பிடிப்பே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக அறைந்தது போலத்தான் தெரியும். எண்ணெய் தேவைப்படும் வகை என்றால், காலையில் ஓஸ் மாட்டும் முன் காற்று நுழையும் வாயில் சில சொட்டு. இங்கே பனிக்காலத்தில் அதற்கென்று உள்ள எண்ணெய்தான் விட வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் உறைந்து பிஸ்டன் மந்தமாகும்.

கையேட்டின் எச்சரிக்கைப் பகுதியை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன்: ‘ஆணி இறங்கும் இடத்திலிருந்து மறுகையை 12 அங்குலம் தள்ளி வை. மரக்கணுவில் பட்ட ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். நடக்கும்போது விசையில் விரல் வைக்காதே. ஆணிக்கூட்டில் சிக்கல் எடுக்கும் முன் ஓஸைக் கழற்று. உன் அறைவி ஒற்றையடியா தொட்டடியா என்று தெரியாமல் கையில் எடுக்காதே.’ எங்கள் குழுவில் இருப்பவர்களிடம் வாசித்துக் காட்டியபோது விளக்கம் கேட்காமல் புரிந்துகொண்டார்கள். ‘அறைவி’ என்ற சொல்லை மட்டும் ஒருமுறை திருப்பிக் கேட்டார்கள்.

ஆணியறைவி பிடிக்காதவர்கள் வேறு நல்ல சொல் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒற்றையடி, தொட்டடி இரண்டுக்கும் எதிர்ப்பு இருந்தால் காரணத்தோடு இந்த ஞாயிறுக்குள் எழுதுங்கள். கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.