பெருவெடிப்புப் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்ட கேள்வி

கேட்டவர்: மலையடிவாரத்தான்

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். சென்ற வாரம் பதினோராம் வகுப்பில் பாடம் சற்று முன்னதாகவே முடிந்துவிட்டதால், மீதமிருந்த நேரத்தில் பேரண்டம் விரிவடைவதைப் பற்றியும், அதன் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்று எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்பதைப் பற்றியும் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். மணி அடித்து எல்லோரும் வெளியேறிய பிறகு, நெற்றியில் திருநீறு துலங்க ஒரு மாணவி மட்டும் மேசையருகே வந்து நின்று, "சார், இதெல்லாம் உண்மை என்றால் நான் சாமி கும்பிடுவது தப்பா?" என்று கேட்டாள். அவள் குரலில் வாதம் செய்யும் எண்ணம் இல்லை, பயம் இருந்தது. "அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதில் அன்றிரவே என்னை உறுத்தத் தொடங்கியது. நானும் இறைநம்பிக்கை உள்ளவன்தான். ஆண்டுதோறும் கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை சென்று வருகிறவன். வகுப்பறையில் சான்று இல்லாமல் எதையும் ஏற்காதே என்று சொல்லும் நான், மலையைச் சுற்றி நடக்கும்போது எந்தச் சான்றையும் கேட்பதில்லை. வரித்துறைக்கு ஒரு பேரேடும் தனக்கு ஒரு பேரேடும் எழுதுகிற வியாபாரியைப் போல இரண்டு கணக்கு வைத்திருக்கிறேனோ என்று மனம் கேட்கிறது. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டிய நேர்மையான பதில் எது என்று, இதை ஆழ்ந்து யோசித்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: விண்மீன் வாசகர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் மாணவியைக் கலங்கவைத்த பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்டவரே ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை அவளிடம் சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், 'சாமியாரே சொல்லிவிட்டார், இனிப் பயமில்லை' என்கிற மலிவான ஆறுதலாக அது முடிந்துவிடும். அவர் செய்த வேறொரு காரியம்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது.

ஜார்ஜ் லெமெத்ர் 1894இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றித் திரும்பி, 1920இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் 1923இல் குருப்பட்டமும் பெற்றார். பேரண்டம் விரிகிறது என்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே வருவித்து, 1927இல் பிரெஞ்சு மொழியில், வெளியுலகம் அதிகம் படிக்காத ஒரு பெல்ஜிய இதழில் எழுதினார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கு சரிதான், ஆனால் இயற்பியல் அருவருக்கத்தக்கது என்ற பொருளில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்வதைக் காட்டிய வானியலாளர் ஹபிளின் அளவீடுகள் இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1931இல் 'நேச்சர்' இதழில், எல்லாம் ஒற்றை ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று ஒரு சிறு குறிப்பை லெமெத்ர் வெளியிட்டார்.

அந்தக் குறிப்பின் தட்டச்சுப் பிரதியில், அச்சில் வராத ஒரு கடைசிப் பத்தி இருக்கிறது. எல்லாவற்றையும் தாங்கும் ஒரு பரம்பொருளை நம்புகிறவர்கள் அவர் மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள், படைப்பின் மீது இயற்பியல் ஒரு திரையை விரித்திருப்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரலாம் என்ற கருத்தை அதில் எழுதியிருந்தார். பிறகு அதைத் தாமே அடித்துவிட்டார். அந்தப் பத்தியில் அவர் நம்பாத எதுவும் இல்லை. ஆனால் அது இயற்பியல் இதழுக்கு உரியதல்ல என்று முடிவு செய்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை, அறிவியலுக்கும் இறைநம்பிக்கைக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் சொன்ன மிகத் தெளிவான சொல் அந்த அடித்தல்கோடுதான்.

இருபது ஆண்டுகள் கழித்து அதற்குச் சோதனை வந்தது. 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், திருப்பீட அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், 'ஒளி உண்டாகுக' என்ற அந்த முதற்கணத்துக்கே அறிவியல் சாட்சி சொல்கிறது என்ற பொருளில் பேசினார். தம் திருச்சபையின் தலைவரே தம் கோட்பாட்டை இப்படி ஏற்றிப் பேசியதில் லெமெத்ர் மகிழ்ந்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ கலங்கிப்போனார். அன்றைய அளவீட்டின்படி கணக்கிட்டால் பேரண்டத்தின் வயது பூமியின் பாறைகளின் வயதைவிடக் குறைவாக வந்தது. தொடக்கமே இல்லாத மாறாநிலைப் பேரண்டம் என்ற கோட்பாட்டை 1948 முதல் ஃபிரெட் ஹாயில் முதலியோர் வலுவாக முன்வைத்துக்கொண்டிருந்தார்கள். நாளையே ஆதி அணுக் கோட்பாடு தவறிப்போனால், அதன் கிளையில் தொங்கவிட்ட கடவுளும் சேர்ந்து விழுவார். வேண்டிய இடத்தில் தம் கவலையை அவர் தெரிவித்தார் என்றும், 1952 செப்டம்பரில் வானியலாளர்கள் உரோமையில் கூடியபோது திருத்தந்தை அந்த ஒப்பீட்டைத் திரும்ப எடுக்கவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

நியூட்டனுக்கு இந்த எச்சரிக்கை இருக்கவில்லை. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் ஒழுங்கு மெல்லக் கெடும், அப்போது கடவுள் சரிசெய்வார் என்று அவர் கருதினார். வியாழன், சனி இரண்டின் ஓட்டத்தில் தெரிந்த பிசகு ஏறத்தாழ 900 ஆண்டுகளில் தானே சுற்றிவரும் ஒன்று என்று 1780களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்குப் போட்டுக் காட்டியபோது, அந்த இடத்தில் கடவுளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தெரியாத இடத்தில் கடவுளை நிறுத்தினால், தெரிந்துகொள்ளும் ஒவ்வொரு நாளும் அவரை ஓரடி நகர்த்த வேண்டியிருக்கும்.

மறுமொழி: கேள்விக்குறி

மேலே எழுதியவரின் செய்திகளை மதிக்கிறேன். ஆனால் லெமெத்ரின் மறைந்திருக்கும் கடவுள் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை.

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் எங்கள் புதுக்கோட்டை வழியாகச் சென்றது. அப்போது ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் தங்கையைக் காலை எட்டு மணிக்கு முன்பே உள்ளறையில் உட்காரவைத்து, சன்னலைச் சாத்தி, கிரகணம் விடும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கத்தியைத் தொட்டால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்றார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தாள். ஒன்பதரை மணியளவில் அவள் உள்ளிருந்து கூப்பிட, பதறிக் கதவைத் திறந்தேன். சன்னல் பலகையில் பழைய ஆணி ஒன்று இருந்த துளை வழியாக வந்த வெளிச்சம், தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில், நடுவில் இருண்ட வட்ட வளையமாக விழுந்து கிடந்தது. கிரகணத்தைப் பார்க்கவே கூடாது என்று அவளை வைத்த இருட்டறையே ஊசித்துளைக் கேமராவாகி, ஊரிலேயே பத்திரமாக அதைப் பார்த்தவளாக அவளை ஆக்கியிருந்தது. அவள் உதடு மட்டும் தண்ணீரின்றி வெடித்திருந்தது. பிப்ரவரியில் குழந்தை நலமாகப் பிறந்தது. அதற்கும் அந்தக் காப்பே காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

நம் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை அளவீட்டுக்கு அப்பாற்பட்டவை அல்ல. கத்தி, தண்ணீர், கருவிலிருக்கும் குழந்தை ஆகியவற்றைப் பற்றி அவை திட்டமாகப் பேசுகின்றன. அப்படிப் பேசும் எதுவும் சோதனைக்கு உட்பட்டது. சோதனையில் தோற்றால் விலக வேண்டும். 'இரண்டையும் குழப்பாதே' என்பது பேரண்டத்தின் தொடக்கத்தைப் பற்றிய நல்ல விதியாக இருக்கலாம். வீட்டுக்குள் அது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிரு என்பதற்கான மரியாதையான சொல்லாகவே பயன்படுகிறது. ஆசிரியராகிய நீங்கள் அதைச் சொல்லக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

மறுமொழி: பஞ்சாங்கக்காரர் பேரன்

தங்கையின் நிலை எனக்கும் வேதனை தருகிறது. ஆயினும் அந்தக் கிரகண நேரத்தை நாழிகைக் கணக்கில் வீட்டுக்குச் சொன்னவர்களும் நம்பிக்கையாளர்கள்தான் என்பதையும் பார்க்க வேண்டும்.

1825இல் ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை (எண்களை எழுத்துகளில் பொதிந்த சொற்றொடர்களை) கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆண்டு மே 31 இரவுக் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிசகின. என் தாத்தாவும் அந்த வழியில் வந்தவர். கிரகணம் விட்டதும் தலைமுழுகாமல் அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார். ஆனால் அவர் போட்ட கணக்கில் எங்கும் பாம்பு வராது.

இந்தப் பிளவு மிகப் பழையது. கிரகணம் என்பது நிழல் விழுவதே என்று ஆரியபட்டர் 499இல் எழுதினார். 628இல் பிரம்மகுப்தர், இராகுவை மறுப்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம் என்று கண்டித்துவிட்டு, அதே நூலில் நிழலின் விட்டத்தை வைத்தே கணக்கும் போட்டார். ஊராருக்கு அஞ்சி அப்படி எழுதினாரோ என்று பின்னாளில் இந்தியாவைப் பற்றி எழுதிய இசுலாமிய அறிஞர் அல்பிரூனி வருந்தினார். ஆசிரியர் ஐயா சொன்ன இரண்டு பேரேடுகள் இங்கேதான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். நம்புவதும் கணக்கிடுவதும் பிழையல்ல. கணக்குக்கு எதிரானது என்று தெரிந்த ஒன்றைக் கணக்கிட்டவரே ஊருக்குச் சொல்வதுதான் பிழை.

மறுமொழி: பொன்னிக்கரை

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மின்காந்த விசையையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையையும் ஒன்றாகக் காட்டியதற்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அப்துஸ் சலாம் விருந்துரையிலேயே குர்ஆன் வசனத்தைச் சொன்ன பக்தர். ஸ்டீவன் வைன்பர்க் கடவுளை ஏற்காதவர். இருவரும் தனித்தனியே ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நம் இராமானுஜனும் தம் சூத்திரங்களை நாமகிரித் தாயாரின் அருள் என்றே கருதினார். ஆனால் பகா எண்களைப் பற்றி அவர் கண்ட முடிவுகளில் சில தவறு என்று அவரோடு பணியாற்றிய ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டி காட்டினார். பக்தி குறைந்ததால் அவை தவறவில்லை, பக்தி மிகுந்ததால் மற்றவை சரியாகவும் இல்லை. நிரூபணம் ஒன்றே பிரித்துக் காட்டியது.

கேட்டவர்: மலையடிவாரத்தான்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கேள்விக்குறி எழுதியது என்னைச் சுட்டது, சுட வேண்டியதுதான். அதே 2019 டிசம்பர் காலையில், பள்ளி மைதானத்து வேப்பமர நிழலில் இலை இடுக்குகளின் வழியே விழுந்த நூற்றுக்கணக்கான வளையங்களை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு வீடு திரும்பினேன். ஊறுகாய் ஜாடியின் மேல் அம்மா தர்ப்பைப் புல் போட்டிருந்தார். அடுத்த வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருட்டில் உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரியும். தர்ப்பையால் யாருக்கும் தீங்கில்லை. அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அவருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அண்ணாமலையில் அடிமுடி தேடிய கதையை நேற்று மறுபடி நினைத்துப் பார்த்தேன். அடியைக் காணவில்லை என்று திருமால் ஒப்புக்கொண்டார். முடியைக் காணாமலே, தாழம்பூவைச் சாட்சி வைத்துக் கண்டேன் என்று சொன்னவர் பிரம்மன். காண முடியாமல் போனதற்காக அங்கே யாருக்கும் சாபமில்லை. லெமெத்ர் அந்தப் பத்தியை அடித்ததைப் படித்தபோது எனக்கு அந்தத் தாழம்பூதான் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை அந்த மாணவியை அழைத்துப் பேசப்போகிறேன். சாமி கும்பிடுவது தப்பில்லை என்றோ தப்பு என்றோ நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நானும் கும்பிடுகிறவன் என்பதை மட்டும் மறைக்க மாட்டேன். லெமெத்ரின் கதையை முழுதாகச் சொல்லி, புதுக்கோட்டையில் ஆணித்துளை வழியே தரையில் விழுந்த வளையத்தையும் சொல்ல விரும்புகிறேன். கேள்விக்குறி அவர்கள் தங்கையிடம் கேட்டு அனுமதி தர இயலுமா?