ஸ்பானிய மொழியின் சண்டைப் பேச்சு: நீங்கள் எங்கே கேட்டீர்கள்? வாசகர்கள் எழுதுகிறார்கள்

மாட்ரிட்டிலிருந்து:

அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் வேண்டுமென்றே என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் பக்கத்திலிருந்தவர், "நோ என்ட்ரெஸ் அல் த்ராப்போ" என்று கிசுகிசுத்தார். துணியைப் பார்த்துப் பாயாதே. காளைச் சண்டையில் ஆட்டுகிற துணியை நம்பி முட்ட வரும் காளைதான் இதில் ஏமாளி. பத்திரிகைகளின் அரசியல் பக்கத்திலும் இது சகஜம். எதிர்க்கட்சி கிளப்பிவிடும், அமைச்சர் துணிக்குப் பாய்வார்.

பிறகொரு நாள் பாரில் கால்பந்து. கோல் வாங்கிய அணி இன்னும் மூர்க்கமாக ஆட, ஒரு பெரியவர் மேசையைத் தட்டி, "ஸே க்ரெஸென் அல் காஸ்தீகோ!" என்றார். அடி விழ விழ வளர்கிறார்களாம். விசாரித்தால் இதுவும் காளைதான். சண்டையின் முதல் கட்டத்தில் குதிரைமேல் வரும் பிக்கடோர் ஈட்டியால் குத்துவார். சில காளைகள் ஒதுங்கிவிடும். குத்துப்பட்டும் மறுபடி குதிரையையே முட்டப் போவதுதான் அசல் காளை. ஆக, துணிக்குப் பாய்ந்தால் மடையன், ஈட்டிக்கு எதிரே பாய்ந்தால் வீரன். காளை என்னவோ ஒன்றுதான். (காளைச் சண்டை எனக்கு அறவே பிடிக்காது. அதிலிருந்து வந்த பேச்சு மட்டும் பிடிக்கும்.)

வலென்சியாவிலிருந்து:

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் செலவை யார் ஏற்பது என்று கூட்டம். படியேறும்போதே எதிர்வீட்டு அம்மா, "இன்றைக்கு சான் கின்தீன்தான்" என்று கண்ணடித்தார். பெரிய ரகளை நடக்கப்போகிறது என்று அர்த்தம். 1557 ஆகஸ்ட் 10 அன்று ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பெலிப்பேயின் படை பிரெஞ்சுக்காரர்களை நொறுக்கிய இடம் அது. அந்த வெற்றியை ஒட்டித்தான் எல் எஸ்கொரியால் என்ற மடாலய அரண்மனையையே கட்டினார். இப்போது லிஃப்டுக்கு! கூட்டமும் அந்த அம்மா சொன்னபடியே நடந்தது.

மொண்டேவிடியோவிலிருந்து (உருகுவே):

இங்கே காளை இல்லை, "கார்ரா சர்ரூவா". கார்ரா என்றால் விலங்கின் நகம். விடாப்பிடியாகப் போராடும் குணத்தை இப்படிச் சொல்வார்கள். 1950 உலகக் கோப்பைக் கால்பந்தில், மரக்கானா அரங்கில் பிரேசிலை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வீழ்த்தியதே அந்த நகத்தால்தான் என்பார் எங்கள் தெரு டாக்சிக்காரர். சர்ரூவாக்கள் உருகுவேயின் பூர்வகுடிகள். 1831இல் சால்சிபுவெதெஸுக்கு அவர்களை அழைத்து வைத்துக் கொன்று குவித்தது இதே நாட்டு அரசின் படை. அவர்கள் பெயரைச் சொல்லி வீரம் பேச எனக்கு நா எழவில்லை. அரங்கில் நான் "வாமோஸ்" (போவோம், வாருங்கள்) என்று கத்துவதோடு சரி.